பந்தித்துணை

வினோதினிக்கு அந்த மனிதரை ஆறு வருடமாகத் தெரியும். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூட யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளாகவே ஆண் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் அவருடைய பசி அவளுக்கு அத்துப்படி.

காலையில் அவருடைய வயிறு சோம்பேறி. முதல் இட்லிக்கு லேசாக முனகிவிட்டு, இரண்டாவது இட்லிக்குத்தான் எழுந்து உட்காரும். மதியச் சாப்பாடு என்றால் கதையே வேறு. குழம்பு வாசனை மூக்கில் ஏறியவுடனே அவருடைய கணையம் கொஞ்சம் இன்சுலினை முன்கூட்டியே அனுப்பிவிடும், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. சில நாள் சாப்பாட்டின் நடுவில் எல்லாம் பட்டென்று நின்றுபோகும். யாரோ அவரிடம் சாப்பாட்டு நேரத்தில் வம்பு வளர்க்கிறார்கள் என்று வினோதினி புரிந்துகொள்வாள். இங்கே கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத அந்த வம்புக்காரரை மனசுக்குள் நன்றாகத் திட்டுவாள்.

இதெல்லாம் அவளுடைய மணிக்கட்டில் இருந்த சின்னத் திரையில் ஒரு நீலக் கோடாக ஓடும். கோடு அவருடையது. பிழைப்பு இவளுடையது.

வினோதினிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. தின்று வந்த நோய் அல்ல. அவளுடைய உடம்பே அவளுடைய கணையத்தை யாரோ எதிரி என்று தப்பாக நினைத்து, இன்சுலின் சுரக்கும் செல்களை ஒன்று விடாமல் அழித்துவிட்டது. அதற்குப் பிறகு ஊசி, ஊசிக்குப் பிறகு மெஷின். மெஷினோடு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் பொழுது போதாது. ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை இறங்கி, கணபதி சிக்னலில் கண் இருட்டி விழுந்தாள். அப்போதுதான் டாக்டர் சபீனா பந்தித் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

"உங்க மெஷின் நல்ல மெஷின்தான்மா. ஆனா சர்க்கரை ஏறின பிறகுதான் அதுக்கு முழிப்பே வரும். உயிருள்ள கணையம் அப்படி இல்ல. கண்ணு பாத்ததை, மூக்கு மோந்ததை, குடல் தொட்டதை எல்லாம் கேட்டுக்கிட்டு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சுடும்" என்றார் டாக்டர்.

வினோதினி மோட்டார் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினியர். எதைச் சொன்னாலும் பம்பில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

"மேல் தொட்டியில பந்து வால்வு வெப்போமுங்க டாக்டர். தண்ணி ரொம்புனா மூடிக்கும், கொறைஞ்சா தொறந்துக்கும். அந்த மாதிரிங்களா?"

"அது பாதிதான். தொட்டி காலியானா நிரப்ப கீழ ஒரு சம்ப் வேணும்ல? அதுதான் கல்லீரல். சாப்பிட்டதுல மிச்சத்தை எடுத்து வெச்சுக்கும். நீங்க பட்டினியா இருக்கும்போது கணையம் குளுக்ககான்னு ஒருத்தரை அனுப்பி, 'கொஞ்சம் எடுத்து விடுப்பா'ன்னு அதுக்குச் சொல்லும். சர்க்கரை ஏறினா இன்சுலின் இறக்கும், இறங்கினா குளுக்ககான் ஏத்தும். இந்த ரெண்டு பேரும் நாள் பூரா கயிறு இழுக்கிறதாலதான் நாம நடமாடிட்டிருக்கோம். உங்ககிட்ட இழுக்க ஆள் இல்ல. இன்னொருத்தரோட ஆளுங்களை உங்களுக்கும் சேத்து இழுக்கச் சொல்லப்போறோம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார் டாக்டர். எங்கோ இருக்கும் ஆரோக்கியமான ஒருவர் மனமுவந்து முன்வர வேண்டும். அவருடைய கணையத்துக்குப் பக்கத்து ரத்தக்குழாயில் அரிசி மணி அளவில் ஓர் உணரி வைப்பார்கள். அவர் உடம்பு எப்போது எதை எவ்வளவு சுரக்கிறதோ, அதை அப்படியே வினோதினியின் தோலுக்கடியில் இருக்கும் குட்டிப் பம்பு அவளுக்கு விடும். ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். இலை வேறு ஊரில் இருந்தாலும் பந்தி ஒன்று. யாரோ ஓர் அதிகாரி வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கொடுப்பவரைப் பந்தித்துணை என்றார்கள்.

பெயர், ஊர் எல்லாம் ரகசியம். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒருவர் மற்றவர் வீட்டுக்கே போய், "நேத்து என்னய்யா தின்னே, எனக்குத் தலை சுத்துது" என்று தெருவில் நின்று சண்டை போட்டதில் இந்த விதி வந்தது.

அப்படித்தான் வினோதினியின் வாழ்க்கையில் அந்த ஆள் வந்து உட்கார்ந்தார். வந்த முதல் வாரத்திலேயே, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பயமில்லாமல் தூங்கி எழுந்தாள். வண்டி ஓட்டினாள். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்காமல் வாயில் போட்டாள். சர்க்கரை கொஞ்சம் ஏறும், கொஞ்ச நேரத்தில் நல்ல பிள்ளையாகத் தானே இறங்கிவிடும். என்ன ஒரு ஏற்பாடு என்று அதிசயிப்பாள்.

சாப்பிட உட்கார்ந்தால், முதல் வாய் எடுப்பதற்கு முன்னால், "சாப்பிடலாமுங்களா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பாள். கணவன் பிரபாகர் முதலில் கேலி செய்தான். "யாரும்மா அது, எனக்குத் தெரியாம நம்ம வீட்டுல?" என்பான். போகப் போக அவனும் அவள் கேட்டு முடிக்கும்வரை தட்டில் கை வைக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டான். நன்றி சொல்ல முகவரி இல்லாத ஒருவருக்கு அவளால் முடிந்த மரியாதை அதுதான்.

குழந்தை வேண்டும் என்று கேட்டபோது டாக்டர் அவளுடைய சர்க்கரைக் கணக்குகளை எல்லாம் பார்த்துவிட்டு, "உங்க பந்தித்துணைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பெத்துக்கங்க" என்றார். இப்போது அவளுக்கு மூன்றாவது மாதம்.

மூன்றாவது மாதத்தில்தான் சிக்கல் தொடங்கியது. சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, வேர்த்தது. சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கியது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இப்படித்தான் இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

நம்பிக்கை கெட்டது கம்பெனியில். சோதனை மேடையில் ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சரியாக வந்தது, அழுத்தமும் சரி. ஆனால் ஆம்பியர் முள் வழக்கத்தைவிட மேலே நின்றது. அதே தண்ணீருக்கு ஒரு மோட்டார் அதிகமாக மின்சாரம் இழுத்தால் அது பலசாலி என்று அர்த்தமில்லை. எங்கோ அடைப்பு, எங்கோ இறுக்கம், மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கொஞ்ச நாளில் புகைந்துவிடும். அவள் 'திருப்பி அனுப்பு' என்று சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டப் போனாள். ஒட்டாமல் நின்றாள். மணிக்கட்டைத் திருப்பி அந்த நீலக் கோட்டைப் பார்த்தாள்.

முன்பெல்லாம் இட்லிக்கு ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். இப்போது அதே இட்லிக்கு மேடு மலையாக நின்றது, சீக்கிரம் இறங்கவும் இல்லை. பழைய கோடுகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இது இந்த மாதக் கதை அல்ல. ஒன்றரை வருடமாகவே மேடு மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. அவளுடைய குட்டிப் பம்பு கொஞ்சம் குறைத்து விட்டுத் தன்னால் முடிந்தவரை சமாளித்து வந்திருக்கிறது. கர்ப்பம் வந்ததும் சமாளிக்க முடியாமல் வெளியே தெரிந்துவிட்டது. நடுக்கம் அவளுடையது. நோய் அவளுடையது அல்ல.

பிரபாகரோடு போய்க் காட்டியபோது, டாக்டர் சபீனா அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவர் உடம்புல கதவெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கும்மா. இன்சுலின் வந்து தட்டினா செல்லுங்க உடனே திறக்கிறதில்ல. அதனால கணையம் ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளா பாக்குது."

"வருசா வருசம் அவருக்குச் செக்கப் பண்றீங்களே டாக்டர், அதுல தெரியாதுங்களா?"

"வெறும் வயித்துச் சர்க்கரை பாப்பாங்க. அது நார்மல்னுதான் வரும். கணையம் அந்தளவு உழைச்சு சரிக்கட்டுது. மெதுவாத்தான் வரும், அது களைச்சு விழுற அன்னைக்குத்தான் சர்க்கரை ஏறும். அதுக்குள்ள பாதி செல்லு போயிருக்கும்."

"இப்பவே சொன்னா?"

"இப்பவே சொன்னா மருந்துகூட வேண்டியதில்ல. நடக்கணும், வாயைக் கட்டணும். பழையபடி ஆயிடலாம்." டாக்டர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "ஆனா நோய் தொடங்கின துணையை ஒரு நாள்கூட பந்தியில வெச்சிருக்கக் கூடாது. அன்னைக்கே அறுத்துடுவாங்க. வேற ஆள் கிடைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். நீங்க பழைய மெஷினுக்கும் ஊசிக்கும் போகணும். வயித்துல குழந்தையோட."

"அது எவ்வளவு ஆபத்துங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். கஷ்டம். முடியாததில்ல, ஆனா ஒவ்வொரு நாளும் கஷ்டம்."

டாக்டர் திரையை அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"அந்தக் கோட்டுக்கு உரிமை உங்களுக்கு மட்டும்தான். முன்னாடி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி துணைகளோட கோட்டை எல்லாம் வாங்கிப் பாத்து, யாருக்கு நோய் வரும்னு ஆளைத் தரம் பிரிச்சுது. அதுக்குப் பிறகு வந்த சட்டம். நீங்க சம்மதிச்சாத்தான் நான் பாத்ததா ஆகும். இப்போ நான் எதையும் பாக்கலை. வீட்டுக்குப் போய் யோசிங்க."

திரும்பி வரும் வழியில் பிரபாகர் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். ஓட்ட முடியவில்லை போலிருக்கிறது.

"ஆறு மாசம்தானே வினு. மெதுவாத்தான் வரும்னு டாக்டரே சொல்றாங்க. நான் அந்த மனுசனுக்குத் துரோகம் பண்ணச் சொல்லலை. கொழந்தை பொறக்கற வரைக்கும் பொறுக்கச் சொல்றேன். பொறந்த அன்னைக்கே நானே போய்ச் சொல்றேன், போதுமா?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். அவன் சிக்னலில் விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன். பயப்பட அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. சரி என்றாள்.

மறுநாள் மதியம் ஆபீஸ் கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். முதல் வாய்க்கு முன்னால் வழக்கம்போலக் கேட்க வேண்டும். "சாப்பிட" என்பதுவரை வந்தது. மீதி வரவில்லை. நீலக் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. எங்கேயோ அந்த மனிதர் இலையில் கை வைத்துவிட்டார், இவளை நம்பி. உடம்பு திணறுவது அவருக்கே தெரியாது. இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்க முடியவில்லை. மூன்றாம் நாள் பாக்ஸை மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"பாத்துட்டீங்கன்னு வெச்சுக்கங்க டாக்டர். நான் சம்மதிக்கறேன்."

சாயங்காலம் பிரபாகரிடம் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று தயாராக நின்றாள். அவன் உள்ளே போய் அவளுடைய பழைய ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தான். "ஊசி எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு" என்றான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவனை அந்த நிமிடம் அவளுக்குப் பிடித்ததுபோல் என்றும் பிடித்ததில்லை.

பந்தி அறுந்தது. திரையில் நீலக் கோடு ஓர் இடத்தில் நின்று, பிறகு திரையே அணைந்தது. மணிக்கட்டு வெறிச்சென்று ஆனது. அதற்குப் பிறகு வந்த வாரங்களை அவள் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. விரலைக் குத்துவது, பார்ப்பது, ஊசி போடுவது, சாப்பிடுவது, மறுபடியும் குத்துவது. ஒரு கவளம் கூடினால் ஏறும், ஒரு மாடி ஏறினால் இறங்கும். பிரபாகர் அலாரம் வைத்து எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். ஆனால் குழந்தை வளர்ந்தது. ஸ்கேனில் காலை நீட்டி உதைத்தது. பந்தி நேரம் மட்டும் மாறவில்லை. யாரும் கூட உட்காரவில்லை என்று தெரிந்தும் அவள் அந்தப் பழைய நேரத்துக்கே சாப்பிட உட்கார்ந்தாள்.

ஆறாம் மாதத்தில் டாக்டர் போன் செய்தார். "உங்க பழைய பந்தித்துணை உங்களைப் பாக்கணும்னு கேக்குறார். அறுந்த பிறகு பாக்கலாம், விதி தடுக்காது. உங்களுக்குச் சம்மதமா?"

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வந்தவர் ஐம்பது வயது தாண்டிய உயரமான மனிதர். வெயிலில் கறுத்த முகம், அதற்குப் பொருந்தாத புதுத் தொப்பை. வாசலிலேயே நின்று ஒரு துணிப்பையை நீட்டினார்.

"வெறுங்கையோட வர மனசு கேக்கல. சீனி வியாதிக்காரவ வீட்டுக்கு என்னத்த வாங்கிட்டு வர? பழம் கூடாது, பலகாரம் கூடாது. அதான் வெள்ளரிப் பிஞ்சு" என்றார்.

வினோதினி சிரித்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள்.

அவர் பெயர் ஆறுமுகநயினார். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி உச்சிக்குப் போய், இறங்கி, அடுத்ததில் ஏறுவது. இருபத்தைந்து வருடம் அப்படி ஏறிய உடம்பு என்பதால்தான் மருத்துவமனை அவரை முதல் பார்வையிலேயே தேர்ந்தெடுத்தது.

"இப்ப ஏறுறதில்லீங்களாண்ணா?" என்று கேட்டாள், தொப்பையைப் பார்க்காமல் இருக்க முயன்றபடி.

"ரெண்டு வருசமா இல்ல. கீழ ஆபீஸ் ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரப் பாக்கேன். நானாத்தான் மாத்திக் கேட்டேன்."

"ஏனுங்க? முடியலைங்களா?"

அவர் பிரபாகரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எங் கையில ஒரு சின்ன வெளக்கு கட்டி விட்டிருந்தாவ. அந்தப் பக்கம் நல்லா இருந்தா பச்ச. சீனி ஏறுனா மஞ்ச. ஒண்ணும் செய்ய வேண்டாம், மிசினு பாத்துக்கிடும், சும்மா தெரிஞ்சிக்கிடத்தான்னு சொன்னாவ. நான் டவர்ல ஏறுனா, மேல போறதுக்குள்ள மஞ்சளாயிரும். ஒவ்வொரு தடவையும். எங்க ஊரு டாக்டர்ட்ட கேட்டேன். ஒடம்பு வேல செய்யும்போது இன்சுலினக் கொறைச்சிரும், அது அங்கயும் கொறையும்னு சொன்னாரு. நான் இங்க ஏறுனா அங்க ஒங்களுக்குச் சீனி ஏறுது. அத எப்படிப் பாத்துக்கிட்டு ஏற?"

பிரபாகர் கேட்டான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதானேங்க சொன்னாங்க?"

"சொன்னாவ தம்பி. ஆனா ஒரே பந்தியில உக்காந்திருக்கோம்லா? பக்கத்து எலையில இருக்கவுகளுக்கு விக்கல் எடுத்தா, தண்ணி குடுக்கது என் வேல இல்லன்னு உக்காந்திருப்பமா?"

"வேலைய மாத்திக்கிட்டீங்க. வேற என்ன பண்ணுனீங்கண்ணா?" என்று வினோதினி கேட்டாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கருப்பட்டிதான்" என்றார் அவர், சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி. "துண்டு துண்டா ஒடைச்சு வச்சிருப்பேன். மஞ்ச எரிஞ்சா ரெண்டு துண்டு வாயில போடுவேன். எனக்கு இன்சுலின் சுரக்கும், அது ஒங்களுக்கும் வரும், சீனி எறங்கிரும். கொஞ்ச நேரத்துல பச்ச. சாயங்காலம்தான் அதிகம் எரியும். ஒங்க ஆபீஸ்ல அடிக்கடி யாருக்காவது பொறந்தநாள் வரும்போல."

ஆபீஸ் கேக்குகள். ஒரு துண்டுதானே, அதுவாகவே இறங்கிவிடும் என்று அவள் சாப்பிட்ட ஒவ்வொரு கேக்கும். அதுவாக இறங்கவில்லை. இருநூறு மைலுக்கு அப்பால் ஒரு மனிதர் வேலையை விட்டு, ஏணியை விட்டு, பசியில்லாத வாயில் கருப்பட்டியைப் போட்டு ஒவ்வொரு தடவையும் அதை இறக்கியிருக்கிறார். கோட்டில் அப்போது எழுந்த சின்ன மேட்டை அவருடைய சாயங்காலப் பலகாரம் என்று நினைத்து, அவள் மெஷினை மெச்சியிருக்கிறாள். அவருடைய கதவுகளைத் துருப்பிடிக்க வைத்தது வேறு யாருமல்ல, அவள்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிரபாகர் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அழாதிய தாயி. இதுக்கா நான் வந்தேன்? நான் நன்றி சொல்லல்லா வந்தேன்." ஆறுமுகநயினார் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "எங்க அப்பாவுக்குச் சீனி வந்தது யாருக்கும் தெரியாது. கால் விரல் கறுத்துப்போய்த்தான் தெரிஞ்சுது. மொதல்ல விரல எடுத்தாவ, அப்புறம் முழங்காலுக்குக் கீழ. அவரு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு, ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கப்படாதான்னு. எனக்கு நீங்க சொல்லிட்டியள்லா. அதுவும் வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு. டாக்டரம்மா சொன்னாவ. நீங்க சொன்னதுனால என் காலு தப்பிச்சிருக்கு. நீங்க அழுதா நான் என்ன செய்ய?"

பிரபாகர் இலை போட்டான். சாதம், கீரை மசியல், கொள்ளு ரசம், வெள்ளரிப் பிஞ்சு. வினோதினி உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். "சாப்பிடலாமுங்களா?" என்று கேட்டாள். இந்தத் தடவை "சாப்பிடுவோம் தாயி" என்று பதில் வந்தது. ஆறு வருடம் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள், அன்றைக்குத்தான் ஒருவர் இலையை ஒருவர் பார்த்தார்கள். அவர் கீரையை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறார் என்பது எந்தக் கோட்டிலும் வந்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"ரெண்டு மாசமா நடக்கேன். கருப்பட்டிய விட்டாச்சு. டாக்டரம்மா பாத்துட்டு எறங்குதுன்னாவ. புள்ள பொறந்து ஒரு வருசத்துக்குள்ள பழையபடி ஆயிருவேன், மறுபடியும் துணையா இருக்கலாம்னு சொல்லியிருக்காவ. ஒங்ககூடத்தான் சேத்து விடணும்னு நான் கேட்டிருக்கேன்."

வினோதினி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்வது அவரைப் பந்தியிலிருந்து எழுப்பி விடுவதாக இருக்கும் என்று பட்டது.

"சரிங்ணா. ஆனா ஒரு கண்டிசன். உங்க கையில விளக்கு இருக்கக் கூடாது. நானே டாக்டர்கிட்டச் சொல்லி எடுத்துடச் சொல்றேன். நான் கேக் சாப்பிட்டா அது என் பாடு. நீங்க டவர் ஏறுனா ஏறுங்க, எனக்குக் கொஞ்சம் ஏறுனா நான் பாத்துக்கறேன். நீங்க உங்க பசிக்குச் சாப்பிட்டாப் போதும்."

அவர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கவலை.

"வெளக்கு இல்லாட்டி நீங்க எப்படி இருக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் வினோதினி.

இந்த வழி யாருக்குமே தோன்றாததுபோல் அவர் அவளையே பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் மதியம் கேண்டீனில் அவள் பழைய பந்தி நேரத்துக்கு உட்கார்ந்து, ஊசிப் பெட்டியைத் திறக்கும்போது போன் அடித்தது. எடுத்தாள். முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது, காதை அடைக்கும் அளவுக்கு. அதற்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம்.

"சாப்ட்டியளா தாயி?"

"இன்னும் இல்லீங்ணா. இப்பத்தான் உக்காந்தேன். நீங்க எங்கிருக்கீங்க, என்ன சத்தம் அது?"

"டவர் உச்சியில. காலையில பழைய வேலையக் கேட்டு வாங்கிட்டேன். மூச்சு கொஞ்சம் முட்டுது, ஆனா ஏறிட்டேன். எறங்கிச் சாப்பிட நேரமாவும். நீங்க எனக்காகக் காத்திருக்காதிய, சாப்பிடுங்க."

சரிங்ணா என்று சொல்லிவிட்டு அவள் ஊசியைப் போட்டுக்கொண்டாள். போனை அணைக்கவில்லை, அவரும் அணைக்கவில்லை. பந்தியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவரே சொல்ல, அவருக்கு முன்னால் அவள் சாப்பிடத் தொடங்கினாள்.